ரோசெல்லா காய்ச்சிய முதல் பீர்

ரோசெல்லா வெர்ஹாகனுக்குப் பீர் ஆகாது. லிட்டில் சூட் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஞானஸ்நானத்துக்கும் பீர், கல்யாணத்துக்கும் பீர், சாவு வீட்டில் பாதிரியார் கிளம்பிய கையோடும் பீர்தான். இவள் மட்டும் பிராந்தியில் ஒரு ஆரஞ்சுத் துண்டைப் போட்டு வாங்கிக்கொண்டு விருந்து முடிகிற வரை அதையே வைத்து உட்கார்ந்திருப்பாள். "ஈரச் சாக்கு மாதிரி வாடை அடிக்குது. அதைப் போய் காசு குடுத்துக் குடிக்கிறானுங்க" என்பாள். அவள் இதைச் சொன்னது பெரும்பாலும் புருஷனிடம்தான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஊரில் இன்றைக்குத் தொந்தியும் வழுக்கையுமாக நடமாடுகிற ஆண்களில் பாதிப் பேர் அவள் கையால் உருளைக்கிழங்கு மசியல் வாங்கித் தின்றவர்கள். "கேரட்டையும் தின்னுடா, குப்பையில போட்டேன்னா பார்த்துக்க" என்று திட்டும் வாங்கியவர்கள். சனிக்கிழமையானால் மாதா கோயில் மண்டபத்தில் கல்யாணச் சமையல். அவள் வாய்க்கு ஊரே பயப்படும், ஆனால் அவள் இல்லாமல் ஒரு விருந்தும் நடக்காது. சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி.

புருஷன் பெயர் நார்பர்ட். ஊருக்கு நார்ப். காகித மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எல்ராய் ஹீட்பாஸ் என்று ஒரு கூட்டாளி. இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே மான் வேட்டைக் குடிசை, சீட்டு விளையாட ஒரே மேஜை. ரோசெல்லா மண்டபத்துக்குப் போகிற சனிக்கிழமைகளில் அவளுடைய அடுப்பில் அவளுடைய பெரிய பானையை ஏற்றிப் பீர் காய்ச்சுவதுதான் இருவருக்கும் பொழுதுபோக்கு. ஜனவரிக் குளிரில் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து வாடையை விரட்டப் பார்ப்பார்கள். அது போகுமா? அவள் வீட்டுக்குள் காலை வைத்ததும் ஆரம்பிப்பாள். அன்றைக்குச் சாப்பாடு முடியும் வரை ஓயாது.

எல்ராய் ஒரு பிப்ரவரியில், உறைந்த ஏரியின் மேல் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தபோது மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்புதான் நார்ப் சாவியைக் குளிர்பெட்டியில் வைப்பதும், கோயிலுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு மில்லுக்குப் போய் நிற்பதுமாக இருந்தார். மருத்துவர் அந்த மறதி நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். கூட்டாளியை அடக்கம் செய்தபோது நார்ப் குழிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். மறுநாள் காலையில் எழுந்து, "எல்ராய் ஏன் இன்னும் வரல?" என்று கேட்டார்.

ரோசெல்லாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அவன் செத்துட்டான் நார்ப்" என்றாள். அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறவரைப் போல முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் அழுதார். எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் ஒரே சாவுக்கு அழுவது? கடைசியில் அவளே தோற்றுப்போனாள். "ஷிப்டுக்குப் போயிருக்கான், வந்துடுவான்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். பானை, குடுவை, ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் கோயில் பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள். அடுப்புப் பக்கம் அவரை விடுவது ஆபத்து என்பது ஒரு காரணம். அந்தச் சாமானைப் பார்த்தால் கேள்வி வரும் என்பது இன்னொன்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. எல்ராயை மறக்காத மனுஷன் அவளை மறந்தார். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் 'ரோஸ்' என்று கூப்பிடுவது நின்றது. அப்புறம், "நீங்க எந்த ஊர்லேர்ந்து தினம் வர்றீங்கம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால், "ரொம்ப நன்றிம்மா" என்பார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள் அவள் சமையலுக்கு நன்றி சொன்னவரில்லை, உப்புக் கூடிப்போச்சு என்றால் மட்டும் வாயைத் திறப்பார். அந்த நன்றியைக் கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு எரிந்தது.

மகள் ஜனெல் கிரீன் பேயில் இருந்தாள். புத்தாண்டுக்கு வந்தவள் சமையலறையில் அம்மாவை மடக்கினாள்.

"அம்மா, ஆப்பிள்டன் முதியோர் இல்லத்துல பேசியிருக்கேன். சீக்கிரமே ஒரு படுக்கை காலியாகுமாம். வந்தா உடனே எடுத்துக்கணும்."

"எப்படிக் காலியாகுமாம்?"

"அம்மா."

"தெரியும் போ. இவர் போனா அது யாருக்கோ காலியாகும்."

"நீ போன மாசம் அவரைத் தூக்கப் போய் முதுகைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தே. ரெண்டு பேரும் கீழ கிடந்தா யார் வந்து பாக்கறது? சொல்லு."

மகள் சொல்வது நியாயம் என்று ரோசெல்லாவுக்கே தெரியும், அதனால்தான் கோபம் வந்தது. அனுப்புவதற்குச் சம்மதித்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டை விட்டுப் போவதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு தடவை அவளை அடையாளம் கண்டு 'ரோஸ்' என்று கூப்பிட வேண்டும். யாரோ ஒரு சமையல்காரியாக நின்று அவரை வழியனுப்ப அவளால் முடியாது.

வாரத்துக்கு ஒருமுறை வருகிற செவிலி, பழகிய பாட்டும் வாசனையும் சில பேருக்கு நினைவைக் கிளப்பும் என்று சொல்லியிருந்தாள். ரோசெல்லா போல்கா இசைத்தட்டுகளைப் போட்டுப் பார்த்தாள். அவருக்குப் பிடித்த கோழிக் குழம்பை வைத்துப் பார்த்தாள். கல்யாண நாளன்று பூசிய வாசனைத் திரவியத்தைத் தேடிப் பிடித்துப் பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான், எந்த வாடையை ஆயுசு முழுக்க ஜன்னல் வழியே துரத்தினாளோ அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஆப்பிள்டனில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான கடை ஒன்று இருக்கிறது. அங்கே தாடி வைத்த ஒருவன், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கென்று கட்டிவைத்திருந்த பெட்டியை எடுத்து வைத்தான். புதுப் பானை, மூடியில் ஓட்டை போட்ட பெரிய வாளி, குழாய், பாட்டிலுக்கு மூடி போடுகிற நெம்புகோல், முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் பாகு, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூப் பொட்டலம், ஈஸ்ட் பொட்டலம்.

"முதல் தடவையாம்மா?"

"ஆமா."

"கஷ்டமில்லம்மா. கொதிக்கும்போது மட்டும் பக்கத்துலயே நில்லுங்க."

எனக்கா அடுப்பைப் பற்றிச் சொல்லித் தருகிறாய் என்று நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஆளுயரப் பாத்திரத்தில் சூப்பு வைத்தவள் அவள்.

சனிக்கிழமை காலை நார்பை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரன் பனி தள்ளுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சூடானதும் மால்ட் பாகை ஊற்றிக் கிண்டினாள். கறுப்பாக, இனிப்பாக, ஊறவைத்த தானியம் போல வாடை எழுந்தது. எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. கொதி வந்ததும் ஹாப்ஸைப் போட்டாள். கசப்பு வாடை மூக்கில் ஏறியது, சந்தேகமே இல்லாமல் அதே வாடை. திரும்பவும் எட்டிப் பார்த்தாள்.

"ஏதாவது வாடை தெரியுதா நார்ப்?"

"நல்லாயிருக்கும்மா. ரொம்ப நன்றி."

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. எந்தச் சமையல்காரியும் செய்வதைச் செய்தாள்: பானையை மூடிபோட்டு மூடிவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சூப்பானால் அது சரி. கொதிக்கிற மால்ட்டை மூடினால் என்ன ஆகும் என்பது காய்ச்சினவர்களுக்குத் தெரியும். உள்ளே நுரை பொங்கி மூடியைத் தூக்கியது. பாகு அடுப்பு முழுக்க வழிந்து, சுருசுருவென்று கருகி, வீடெல்லாம் புகை.

நார்ப் எழுந்தார். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினால்தான் எழுகிற மனுஷன், தானாக எழுந்து, அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போய், சட்டைக் கையால் மூடியைப் பிடித்து எடுத்து அடுப்பை அணைத்தார்.

"டேய் எல்ராய், உனக்கு எத்தனை தடவடா சொல்றது? மூடி போடாதே, மூடி போடாதேன்னு தலையால அடிச்சுக்கிறேன். உங்கம்மா என்ன சாப்பாடு போட்டு வளர்த்தா உன்னை?"

ரோசெல்லா வாசற்படியில் நின்றாள். அவர் நேராக அவளைப் பார்த்துத்தான் பேசினார். இத்தனை சனிக்கிழமையும் பானைக்கு மூடி போட்டுக் கெடுத்தது எல்ராய்தான் போலிருக்கிறது. மூடி போட்டவன் எல்ராய், ஆகவே இவள் எல்ராய்.

"என்ன மரம் மாதிரி நிக்கறே? துணியை எடு. அவ வந்து இந்த அடுப்பைப் பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் இதே பானையில போட்டு வேக வெச்சிடுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. துணியை எடுத்துத் துடைத்தாள். அவர் அடுப்பைச் சிறிதாக வைத்துத் திரும்பக் கொதிக்கவிட்டார். பக்கத்தை விட்டு நகரவில்லை. பானையை இறக்கிப் பின்வாசல் பனிக்குவியலில் புதைத்து ஆறவைக்கச் சொன்னார். அவள் ஈஸ்ட்டை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார்.

"சூட்டுல போட்டா செத்துடும்டா. தொட்டுப் பாரு முதல்ல. உனக்குப் பொறுமையே கிடையாது."

"சரிடா" என்றாள் ரோசெல்லா. வாயில் அந்த 'டா' கஷ்டப்பட்டுத்தான் வந்தது. அவர் கவனிக்கவில்லை. பானை ஆறட்டும் என்று இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். அவர் மில்லைப் பற்றிப் பேசினார், போர்மனைத் திட்டினார். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரி அவ்வளவு மோசமாடா?"

"யாரு, ரோஸா?" நார்ப் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வாய்தான் மோசம். அவ திட்டலைன்னா எனக்கு ஏதோ தப்பு நடந்துட்ட மாதிரி இருக்கும். இங்க பாரு, அவகிட்ட இதைச் சொல்லித் தொலைக்காதே, தலைக்கு ஏறிடும்."

இந்த வார்த்தைகளை அவர் கல்யாணமான நாள் முதல் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் பெயர் அவருக்குள் பத்திரமாக இருக்கிறது, அவள் முகம்தான் அதோடு ஒட்டவில்லை. அவளால் பொறுக்க முடியவில்லை. மேஜைக்கு மேல் எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"நார்ப், நான்தான் ரோஸ். நல்லா பாரு. உன் பொண்டாட்டி ரோஸ்தான் பேசறேன்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். கண் கலவரப்பட்டது. சமையலறையைச் சுற்றிப் பார்த்தார், பானை இருந்த அடுப்பைப் பார்த்தார். "எல்ராய் எங்க?" என்று கேட்டார். பிறகு ரொம்பப் பணிவாக, "என்னை அந்த நாற்காலிக்குக் கூட்டிட்டுப் போறீங்களாம்மா?" என்றார். அவ்வளவுதான். சரியான முட்டாள் நான், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன என்று அன்றெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாளி நிலவறையில் நொதித்துக்கொண்டிருந்த நாட்களில் நார்ப் வாயே திறக்கவில்லை, நன்றியைத் தவிர. நுரை அடங்கியதும் பாட்டிலில் அடைக்க வேண்டும். அன்றைக்கு ரோசெல்லா எல்ராய் மாதிரி ஒரு வேட்டைத் தொப்பியை மாட்டிக்கொண்டாள். குழாயை வேண்டுமென்றே தப்பாகப் பிடித்தாள்.

"எந்த மடையன்டா அப்படிப் பிடிப்பான்? குடு இங்க" என்று எழுந்து வந்தார் நார்ப்.

அவள் நிரப்பினாள், அவர் நெம்புகோலை அழுத்தி மூடி போட்டார். கை நடுங்கவே இல்லை. அவர் வாய் ஓயாமல் பேசியது. அவள் 'ஆமாடா', 'இல்லடா' என்று மட்டும் சொன்னாள். இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. ஒரு பேச்சுக்கு நடுவில் அவர் நிறுத்தி, "ரோஸுக்கு முட்டி வலிடா. மண்டபத்துல நின்னு நின்னு. சொல்ல மாட்டா. படி ஏறும்போது பார்ப்பேன்" என்றார். அவள் குனிந்து பாட்டிலைத் துடைத்தாள். துடைத்த பாட்டிலையே திரும்பத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜனெல் உள்ளே வந்தாள். தொப்பியோடு அம்மா, அப்பாவின் வாயில் 'டேய்'. அவள் அம்மாவைக் கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

"என்னம்மா இது வேஷம்?"

"வேஷம்தான். அதுக்கு என்ன இப்போ? அவர் பேசறார். கேட்டியா, அவர் பேசறார்."

"எல்ராய் மாமாகிட்ட பேசறார்."

"எனக்குத் தெரியாதா? என்னைப் பத்திப் பேசறாரு. அதையாவது கேட்டுக்கறேன், விடு."

ஜனெல் அழுதாள். அழுதுகொண்டே, படுக்கை காலியாகிவிட்டது, பாட்டிலில் அடைத்தது குடிக்கத் தயாராகிற சமயத்தில் அப்பாவைக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றாள். இல்லத்தார் கொடுத்திருந்தது ஒரு திங்கட்கிழமை. ரோசெல்லா தொப்பியைக் கழற்றாமலே தலையை ஆட்டினாள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அவருடைய பெட்டியைக் கட்டிக் கண்ணில் படாமல் படுக்கையறையில் வைத்தாள். மதியத்துக்கு மேல் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டிலை மேஜையில் வைத்தாள். நார்ப் மூடியை நெம்பினார். 'புஸ்' என்று சத்தம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் கலங்கல், நுரை பரவாயில்லை. ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்து விழுங்கினார்.

"அடி பிடிச்ச ருசி இருக்கு. மூடி போட்டேல்ல நீ?"

"போட்டேன்."

"இருந்தாலும் குடிக்கலாம். முதல் தடவைன்னா இதைவிட மோசமாத்தான் வரும்." இன்னொரு வாய் குடித்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அதில் மணி தெரிந்ததோ இல்லையோ. "சரி, நீ கிளம்பு. மண்டபத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும், ரோஸ் வந்துடுவா. உன்னைப் பார்த்தா சாமியாடுவா. பின்வாசல் வழியா போயிடு."

ரோசெல்லா எழுந்தாள். ரோஸ் வரப்போகிறாள் என்று அவரே சொல்கிறார். அவர் அவளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இப்போது வராமல் வேறு எப்போது வருவது? பின்வாசலைத் திறந்து வெளியே போனாள். தொப்பியைக் கழற்றிப் படியிலேயே போட்டாள். கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பனியில் கால் புதையப் புதைய வீட்டைச் சுற்றி வந்தாள். மேல்கோட்டு எடுக்கவில்லை, குளிர் தெரியவுமில்லை. மண்டபத்திலிருந்து வருகிற சனிக்கிழமைகளில் எப்படி வருவாளோ அப்படியே முன்கதவைத் தள்ளித் திறந்து, காலை உதறிக்கொண்டே குரலை உயர்த்தினாள்.

"என்ன நாத்தம் இது? மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? ஒரு நாள் நான் இல்லைன்னா போதுமே, அடுப்பை நாசம் பண்ணிடுவீங்களே ரெண்டு பேரும்."

குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. மற்றபடி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நார்ப் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அவளை நன்றாகப் பார்த்தார், ஒரு பெண் வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்கிற மரியாதையோடு.

"வாங்கம்மா. மன்னிச்சுக்குங்க, வாடை கொஞ்சம் அடிக்கும். என் வீட்டுக்காரியைப் பார்க்க வந்தீங்களா?"

ரோசெல்லா கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

"இன்னும் வரல அவ. வர்ற நேரம்தான். உட்காருங்க, ஏன் நிக்கறீங்க? வெளிய எவ்வளவு குளிரு. கோட்டுகூட இல்லாம வந்திருக்கீங்க." நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். இன்னொரு தம்ளர் எடுத்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. நானும் என் கூட்டாளியும் போட்டது. ரோஸ்கிட்ட சொல்லிடாதீங்க."

அவள் உட்கார்ந்தாள். தம்ளரை எடுத்துக் குடித்தாள். கசப்பு, அதற்கடியில் கருகின இனிப்பு. மீதி வைக்காமல் குடித்தாள்.

"ரோஸை உங்களுக்கு நல்லா தெரியுமாம்மா?"

"தெரியும்" என்றாள் ரோசெல்லா. "ரொம்ப நாள் பழக்கம்."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அப்ப இருந்து பார்த்துட்டே போங்க. நீங்க வந்து பார்க்காம போயிட்டீங்கன்னா என்னைத்தான் திட்டுவா."

"இருக்கேன்."

வெளியே பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. நார்ப் நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம், "அவளாத்தான் இருக்கும்" என்றார். அவளும் ஒவ்வொரு தடவையும் அவரோடு சேர்ந்து கதவைப் பார்த்தாள்.